ஃபோன் படத்துக்கு முதலிடம்

தம்பி,

சோறு குக்கரில் இருக்கிறது. தூங்குகிறவனை எழுப்ப மனசில்லை.

நேற்று நம்ம ரெண்டு பேருக்கும் பிடித்த டைரக்டரின் திகில் படங்களை வரிசைப்படுத்தியபோது, ஒருத்தி படம் முழுக்க ஃபோனுக்குக் காத்திருப்பாளே, அதை நீ முதலில் வைத்தாய். "ஒண்ணுமே நடக்கலையேடா" என்று நான் கடைசிக்குத் தள்ளினேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே நைட் ஷிப்டுக்குப் போனாய்.

உன்னிடம் சொல்லவில்லை, கழுத்துக் கட்டிக்கு டெஸ்ட் எடுத்திருந்தேன். இன்று ரிசல்ட் வாங்கப் போகிறேன். இதுவரை மூன்று தடவை செருப்பைப் போட்டுக் கழற்றிவிட்டேன். ஃப்ரிட்ஜில் ஒட்டிய பட்டியலைத் திருத்தியாயிற்று. உன் படம்தான் முதல்.

அக்கா

பி.கு.: அதில் ஃபோன் அடிக்கும், அவள் எடுப்பதற்குள் படம் முடிந்துவிடும். அந்த முடிவு மட்டும் எனக்கு வேண்டாம். நீ எழுந்திருக்க உன் ஃபோனில் பத்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பதினொன்றுக்குக் கூப்பிடுவேன், உடனே எடுடா.