கன்டெய்னரைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்படியும் வரிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், இதைக் கொண்டுவரும் கண்ணாடிக்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே அறையில் படுத்து எழுகிற மனிதர்தானே, அவரிடம் என்ன வெட்கம்?

அவசர லீவில் வந்து நாளையே திரும்புகிற கண்ணாடிக்காரர் நேற்று நம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்களாம். சட்டைப் பொத்தான் போட விரல் வளையவில்லையாம். கிடங்கு வாசலில் நீங்கள் விழுந்தபோது சூப்பர்வைசர் உங்கள் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனை வராத சரக்கா அடிச்சிருப்பான்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். குடித்துவிட்டு விழுந்ததாக எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்களாம்.

கடைசியாகப் போனில் பேசியபோதே உங்கள் நாக்குக் குழறியது. மாமா, பெற்ற பிள்ளை என்றும் பாராமல், என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "குடிச்சிட்டுப் பேசுறதா இருந்தா இந்த வீட்டுக்குப் பேசாத" என்று கத்தினார். அன்றைக்கு அணைத்த போனை நீங்கள் இன்னும் திறக்கவில்லை. பாப்பா காதில்தான் உங்கள் குழறல் சரியாக விழுந்திருக்கிறது. "அப்பா ஏம்மா தூங்கிக்கிட்டே பேசுறாங்க?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் சொன்னது எதுவும் எனக்குப் புதிதில்லை. அத்தனையும் இங்கே கன்டெய்னரில் சரக்கு ஏற்றி அனுப்புகிற எங்கள் யார்டில் நான் கண்ணால் பார்த்தவை.

சரக்குக்கு அடியில் வைக்கிற மரத்தட்டில் பூச்சி இருந்தால் அது கப்பலேறி நீங்கள் இருக்கும் நாட்டில் இறங்கிவிடும். அதனால் மரத்தை நன்றாகச் சூடேற்றி முத்திரை குத்தி அனுப்புவோம். சூட்டறை பழுதானதிலிருந்து, சரக்கு ஏற்றிய கன்டெய்னருக்குள்ளேயே கேஸ்தான் விடுகிறார்கள். அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பூச்சி செத்ததும் கதவைத் திறந்துபோட்டு, கேஸ் முழுக்கப் போன பிறகுதான் கன்டெய்னரை மூட வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? அரைகுறையாகக் காற்றாட விட்டு மூடிவிடுகிறார்கள். அங்கே அதைத் திறந்து சரக்கு இறக்குகிற உங்களைப் போன்றவர்கள் தலையில் அது விடிகிறது.

இங்கே கேஸ் விடுகிற அண்ணனுக்கும் முதலில் தலைவலிதான். பிறகு பேச்சுக் குழறியது, நடை தள்ளாடியது. மேனேஜர், "போய்த் தெளிஞ்சதும் வா" என்று வீட்டுக்கு அனுப்பினார். அவரும் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் வலிப்பு வந்தது. அவர் மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார், சொன்னோம். "நேத்தே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். அதற்கு மேல் அந்த அண்ணனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தக் கேஸின் பெயர் மெத்தில் புரோமைடு. கண்ணாடிக்காரருக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்ல வைத்தேன். இதைப் படித்ததும் நேரே டாக்டரிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். ரத்தத்தில் சோதித்துப் பார்க்க முடியுமாம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மரத்தட்டின் முத்திரையில் எச்.டி. என்று இருந்தால் சூடேற்றியது, எம்.பி. என்று இருந்தால் கேஸ். ஆனால் எழுத்தைத் தேடிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டாம். இனிமேல் நீங்கள் அந்தக் கதவுப் பக்கமே போக வேண்டாம். உங்களோடு சரக்கு இறக்குகிறவர்களிடமும் சொல்லுங்கள். திறந்ததும் யாரும் உள்ளே போகக் கூடாது.

நீங்கள் திறந்தது எங்கள் யார்டில் மூடிய கன்டெய்னராகக்கூட இருக்கலாம். நேற்று ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் ஒரு கன்டெய்னர் சரியாகக் காற்றாடும் முன்பே, அதன் மேல் ஒட்டியிருந்த மண்டையோடு போட்ட எச்சரிக்கைத் தாளை உரிக்கச் சொன்னார் மேனேஜர். மாட்டேன் என்றேன். "கப்பல் உனக்காக நிக்குமா?" என்றார். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகட்டும். கைகால் இருக்கிறது, வேறு வேலை பார்த்துக்கொள்வேன்.

மாமாவிடமும் சொன்னேன். அப்போதிருந்து மூலையில் உட்கார்ந்து உங்கள் எண்ணையே அழுத்திக்கொண்டிருக்கிறார். போனைத் திறந்து வையுங்கள். குழறினால் குழறட்டும். நீங்கள் பேச வேண்டாம், மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும்.

வேலை போனால் போகிறது. அங்கேயே படுத்துவிடாதீர்கள். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வரும்வரை கண்ணாடிக்காரர் கையை விடாதீர்கள். வெறுங்கையோடு வாருங்கள், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். விமானத்தில் நாலு பேரோடு ஒருவராக, இருக்கையில் உட்கார்ந்து வாருங்கள். அது போதும்.

உங்கள் வழியைப் பார்த்தபடி,
பாப்பா அம்மா