ஆ செங்கின் மகளுக்கு

அக்கா,

குந்தியிருக்கிற அந்த நீட்டு மர வாங்கு நேற்று என் வீட்டுக்கு வந்துவிட்டது. குருநகரில் நாங்கள் வேலை செய்த இறால் கொட்டிலை இடிக்கிறார்கள். தகரமும் தீராந்தி மரங்களும் விலைப்பட்டுப் போக, இந்தக் கால் ஆடுகிற வாங்கை மட்டும் ஒருவரும் கேட்கவில்லையாம். நான் போய்க் கேட்டதும், கொண்டுபோங்கோ என்று விட்டுவிட்டார்கள். ஓட்டோக்காரர் கயிறு கட்டும்போது, "உதுக்குப்போய் ஓட்டோ பிடிக்கிறியளே அன்ரி, உது விறகுக்கும் உதவாது" என்றார். காரணம் சொல்லத் தொடங்கினால் கொழும்புத்துறை வந்து சேர்ந்தும் முடிந்திராது.

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். காலையில் பனி ஈரம் பட்டதும் பழையபடி இறால் மணந்தது. அதில் இருந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடி, வருகிற கிழமையோடு ஒரு வருடம். என் மகன் கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பான், மகள் பிரான்சிலிருந்து நேரம் கிடைத்தால் எடுப்பாள். மற்ற நாட்களில் என் குரலை நானே கேட்பதில்லை. நாலு மணிக்கு வாசல் படலைக் கொளுக்கியைக் கழற்றிவிடுகிறேன், நீங்கள் வருகிற நேரம் என்று. ஆறு மணிக்குத் திரும்பப் போடுகிறேன். இது விசர்த்தனம் என்று எனக்குத் தெரியும். விடமுடியவில்லை.

கொட்டிலுக்கு நீங்கள் வந்த முதல் நாள் ஒருத்தியும் வேலை செய்யவில்லை. ஐஸ் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்தோம். இடுங்கின கண், மஞ்சள் நிறம், நீட்டு மயிர், கட்டம் போட்ட சீத்தைச் சட்டை. கடைசியில் ஒருத்தி கேட்டாள், "சீனத்திலை ஏதும் கதையுங்கோவன், கேப்பம்." நீங்கள் இறால் கோதை உரித்தபடியே சொன்னீர்கள்: "எனக்குச் சீனம் தெரியாது பிள்ளை. வட்டுக்கோட்டைத் தமிழ்தான் தெரியும். அது உங்களுக்கு விளங்குமோ தெரியாது." கொட்டில் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து நீங்கள் எங்களுக்கு அக்கா.

உங்களுடைய ஐயா மிசன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, மலாயாவில் வெள்ளைக்காரனுடைய கந்தோரில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு ஊருக்கு வந்தவர் என்பதை ஊரே சொன்னது. நீங்கள் அவர் எடுத்து வளர்த்த பிள்ளை என்பதையும் சொன்னது. அவர் கண்ணை மூடின பிறகு, இரத்தச் சொந்தம் இல்லை என்று சொல்லி அவருடைய தமையனின் மக்கள் வீட்டைத் தங்கள் பக்கம் எழுதிக்கொண்டார்கள். நீங்கள் ஒரு றங்குப் பெட்டியோடு கொழும்புத்துறையில் ஓர் அறைக்கு வந்தீர்கள். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அந்தக் கொட்டிலில் இருக்க ஓர் இடம் கிடையாது. விடியக் காலை வள்ளங்கள் வந்ததிலிருந்து லொறி வெளிக்கிடும்வரை ஐஸ் உருகி ஓடுகிற சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நிற்கவேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கும். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியும் நின்றாள், பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாதவளும் நின்றாள். அது அப்படித்தான் என்று நாங்கள் இருந்தோம். நீங்கள் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மெல்லமாகச் சொன்னீர்கள்: "நாளைக்கு றால் வரட்டும். ஒருத்தரும் தொடாதேங்கோ. இருக்க ஒரு வாங்கு போட்டாப்பிறகு தொடுவம். வேறை ஒண்டும் கேக்க வேண்டாம், வாங்கு மட்டும்."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

அடுத்த நாள் இறால் வந்து குவிந்தது. ஒரு கையும் அசையவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மனேச்சர் வந்தார், பார்த்தார், என்னைக் கந்தோருக்குள் கூப்பிட்டார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்று வரவு எழுதுகிற வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். "நீதானே எல்லாற்றை பேரும் எழுதிறனி. உதை ஆர் தொடங்கினது எண்டு உனக்குத் தெரியாதோ?" என்றார். என் மனிசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் மூன்று மாதம். கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. இந்தக் காரணங்களை எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் அவை சரியான காரணங்களாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் பெயரைச் சொன்னது என் வாய்தான்.

அவர் வெளியில் வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "சீனத்திக்கு எங்கடை ஊரிலை என்ன உரிமைக் கதை? போ, வெளியாலை." நீங்கள் கையைக் கழுவினீர்கள். முன்துணியை அவிழ்த்து நாலாக மடித்து ஐஸ் பெட்டிக்கு மேல் வைத்தீர்கள். பிறகு எங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றீர்கள். அப்போது ஒருத்தி அசைந்திருந்தால் எல்லோரும் அசைந்திருப்போம். நான் அசைந்திருக்கலாம். நாங்கள் குனிந்து இறாலில் கை வைத்தோம்.

ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தொழில் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். கையில் ஒரு பெட்டிசம் வைத்திருந்தார். அழகான ஆங்கில எழுத்து, கோடு போட்டதுபோல. நிலத்தின் ஈரம், கர்ப்பிணிகள், கால் புண், எல்லாம் அதில் இருந்ததாம். ஆர் ஆர் கேட்டது என்று மனேச்சர் எட்டிப் பார்த்தார். எங்கள் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. அடியில் ஒரே ஒரு பெயர் இருந்தது, உங்களுடையது. அடுத்த கிழமை வாங்குகள் வந்தன. முதல் நாள் அதில் இருந்து இறால் உரித்தோம்.

அன்று பின்னேரம் நான் உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் தையல் மெசினில் இருந்தீர்கள். வாங்கு வந்துவிட்டது என்றேன். "நல்லது" என்றீர்கள். நான்தான் பெயரைச் சொன்னேன் என்றேன். மெசின் நின்றது.

"சொன்னனியோ, எழுதிக் குடுத்தனியோ?" என்று கேட்டீர்கள்.

"சொன்னனான்."

"எங்கடை ஐயா எழுதிக் குடுத்தவர். நீ பறவாயில்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் மற்றக் கதையைச் சொன்னீர்கள். ஐயா வேலை செய்தது வெள்ளீயச் சுரங்கமொன்றின் கந்தோரில். மண் கிண்டுகிற வேலைக்குச் சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏழைச் சனம் வந்தது. ஒரு முறை அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னுக்கு நின்றவர்களின் பெயர் வேண்டும் என்று துரை கேட்டார். ஐயா தன்னுடைய அழகான எழுத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். பட்டியலில் இருந்தவர்களைப் பிடித்துக் கப்பலேற்றி வந்த இடத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவனுடைய மனைவி பிள்ளை பெற்று இருபது நாள். பாலில்லை, கூலிகளின் லயத்தில் இருக்கவும் விடவில்லை. பிள்ளையில்லாத கிளாக்கரம்மாவின் வாசலுக்கு வந்து, சிவப்புத் துணியில் சுற்றின உங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"எழுதினது அந்த வீட்டு மனிசன்தான் எண்டு அந்த மனிசிக்குத் தெரியாது" என்றீர்கள். "ஐயா சாகக் கிடக்கேக்கைதான் எனக்குச் சொன்னவர். அதுவரைக்கும் என்னைப் பெத்தவற்றை பேரை மறக்காமல் வச்சிருந்தவர். ஆ செங். ஒருத்தர் வெள்ளைக்காரனுக்குக் கிண்டினவர், மற்றவர் வெள்ளைக்காரனுக்கு எழுதினவர். ரெண்டு பேருக்கும் நான் மகள். என்ன செய்யிறது, எழுதின கைதான் எனக்குச் சோறும் தீத்தினது, எழுத்தும் பழக்கினது."

பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறியே?" என்றீர்கள். என்னை மன்னித்ததாக நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாற்பதுக்கு மேற்பட்ட வருடம் நாலு மணிக்கு என் படலையைத் திறந்தீர்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே சைக்கிளில்தான் போனது, உங்கள் மெசின் தலையைத் தவிர. அதை நீங்கள் இடுப்பில் சுமந்தீர்கள், பிள்ளையைச் சுமக்கிறதுபோல.

கடலில் கடலட்டை வளர்க்கிற பண்ணை போட ஒரு சீனக் கொம்பனி வந்தபோது உங்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. சிறுதொழில் செய்கிற எங்கள் சனத்துக்கு வலை விரிக்க இடமில்லாமல் போய்விடும் என்று மீனவர் சங்கம் மறியல் இருந்தது. நீங்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போய் முன் வரிசையில் குந்தினீர்கள். படம் எடுக்க வந்த ஒரு பெடியன் உங்களைப் பார்த்துத் திகைத்து, "அம்மா, நீங்கள் கொம்பனி ஆளோ?" என்றான். "ஓம் தம்பி, றால் கொம்பனி. அங்கையிருந்தும் கலைச்சுப்போட்டாங்கள்" என்றீர்கள். சீனனே வெளியேறு என்று கத்திக்கொண்டிருந்த, வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டியார் உங்களைக் கண்டதும் குரலைத் தணித்தார். "சத்தமாப் போடு தம்பி, அது எனக்கில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

திரும்பி வரும்போதுதான் உங்கள் முகம் மாறிக் கிடந்தது. பண்ணை மதிலடியில், வெயிலுக்குள் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த இரண்டு சீனப் பெடியங்களைக் கண்டிருந்தீர்கள். "கடலை எடுக்கிறவன் வேறை, கூலிக்கு வந்தவன் வேறை. உவங்களுக்கு இருக்க வாங்கு குடுக்கிறாங்களோ தெரியாது" என்றீர்கள். அன்றைக்குத்தான் ஒரு கடதாசித் துண்டை எனக்குத் தந்தீர்கள். பழைய கொப்பித் தாளில் ஆ செங் என்று எழுதியிருந்தது. "நான் செத்தால் நோட்டீஸ் நீதான் எழுதுவாய். பிறப்பிடம், வதிவிடம் எல்லாம் ஒழுங்காப் போடு. இன்னாற்றை மகள் எண்டு போடேக்கை ரெண்டு தேப்பன்மாரையும் போட்டுவிடு. ஒருத்தருக்குத்தான் ஊரிலை கல்லு இருக்கு. மற்றவருக்கு ஓரிடத்திலையும் பேரில்லை, அந்தப் பட்டியலைத் தவிர."

ஓம் என்றேன்.

நீங்கள் போனது மறியல் சூடு ஆறாத மாதத்தில். நோட்டீசை எழுதி, சங்கத்துச் செயலாளரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இந்த நேரத்திலை சீனன்ரை பேரோ அக்கா? சனம் செத்தவீட்டுக்கு வராட்டி என்ன செய்வியள்? பெட்டி தூக்க ஆள் வேணுமெல்லே." கட்டாயம் எடுக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை. நான்தான் வெட்டினேன். மலாயாவையும் வெட்டினேன். வட்டுக்கோட்டையைப் பிறப்பிடமாகவும் கொழும்புத்துறையை வதிவிடமாகவும் கொண்ட என்று போட்டேன். ஐயாவின் பெயர் மட்டும் இருந்தது. அடியில், தகவல்: குடும்பத்தினர் என்று எழுதினேன். உங்களுக்கு ஏது குடும்பம்? என் பெயரைப் போடப் பயந்து அப்படி எழுதினேன்.

சனம் வந்தது அக்கா. ஒழுங்கை கொள்ளாமல் வந்தது. அந்தச் சம்மாட்டியார்தான் பெட்டியின் தலைப்பக்கம் பிடித்தார். மண் போட்டு முடிந்த பிறகு என்னிடம் வந்து கேட்டார்: "உவவைப் பெத்த தேப்பன் ஆரெண்டு தெரியாதோ? நோட்டீசிலை காணேல்லை. பாவம், பேர் தெரிஞ்சால் சிலுவையிலை எழுதிவிடலாம்."

துண்டு என் கைப்பைக்குள் இருந்தது. நான் தெரியாது என்றேன்.

இந்த ஒரு வருடத்தில் நான் சரியாக நித்திரை கொண்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். முதல்முறை பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாம்முறை ஒரு காரணமும் இல்லை. பயந்து பழகிவிட்டேன், அவ்வளவுதான். இதைச் சொல்லி அழக்கூட எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்.

நேற்று வாங்கை வீட்டில் இறக்கிவிட்டு, அதே ஓட்டோவில் பேப்பர் கந்தோருக்குப் போனேன். ஓராண்டு நினைவு அறிவித்தல் கொடுக்க. அங்கே இருந்த பிள்ளை நான் எழுதினதைச் சத்தமாக வாசித்தாள்: "மலாயாவைப் பிறப்பிடமாகவும், கொழும்புத்துறையை வதிவிடமாகவும் கொண்டவரும், சீனாவிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி காலஞ்சென்ற ஆ செங், வட்டுக்கோட்டையைச் சேர்ந்த..." அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, ரெண்டு தேப்பன் வந்திருக்கு. பிழை இல்லையே?"

"இல்லைப் பிள்ளை. போன வருசம் போட்டதுதான் பிழை."

அவள் கொம்பியூட்டரில் தட்டத் தொடங்கினாள். பிறகு, "அடியிலை என்ன போட? தகவல், குடும்பத்தினர்?" என்றாள்.

பேனையை வாங்கி, அந்த இடத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். நீங்கள் அந்தப் பெட்டிசத்தின் அடியில் எழுதியதுபோல, தனியாக, வேறு ஒருவருடைய பெயரும் பக்கத்தில் இல்லாமல் எழுதினேன்.

ஆ செங்கின் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்குச் சம்மாட்டியாரிடம் போகிறேன், சிலுவையில் எழுதவேண்டும் என்று சொல்ல. ஒரு வருடமாக அந்தப் பெயர் எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லவேண்டும்.