இருபத்தெட்டு மில்லிமீட்டரில் பெரியம்மா

புது லென்ஸின் மூடியைத் திறந்ததும் ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய், நண்பா. பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்காக என் டிஜிட்டல் கேமராவுக்கு லென்ஸ் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி, முகம் மட்டும் தெளிவாக விழுந்து பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போகும் ஒன்றை நீட்டினான். பின்னால் நிற்பவர்கள்தான் எங்கள் வீட்டில் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லி, அகலமானதையே கேட்டு வாங்கினேன். நீ இருந்திருந்தால் கடையே அதிரச் சிரித்திருப்பாய்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு நிச்சயதார்த்தம், சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் மேரா வீட்டில். அதற்கு முன் அண்ணன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் பெரியம்மாவின் ஒரு காதும் இரண்டு வளையலும்தான் விழுந்திருந்தன. தன்னை வேண்டுமென்றே வெட்டிவிட்டதாகச் சொல்லி, அம்மாவோடு மூன்று வருடம் பேசவில்லை. நான் போய்க் கெஞ்சியபோது, படத்தில் முழுதாக இருப்பதானால் வருகிறேன் என்றார். இன்னொரு முறை தவறினால் அக்காளும் தங்கையும் அத்தோடு சரி.

நீயோ தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தூரத்துக் கப்பல்களை எடுக்க நீளமான லென்ஸ் ஒன்றுக்கு ஆசைப்பட்டிருந்தவன். என் நிச்சயதார்த்தத்தைப் படம் எடுப்பதற்காக அதைத் தள்ளிவைத்தாய். எங்கள் ஹாலின் நீளத்துக்கு அம்மாவின் பூக்கட்டும் நூலை வெட்டிச் சட்டைப்பையில் சுருட்டி வந்தாய். சிராங்கூன் சாலைக் கடை வாசலில் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையில் நின்று ஒவ்வொரு லென்ஸாக மாட்டிப் பார்த்தாய். போகிறவர்கள் வருகிறவர்களையெல்லாம் என் பக்கத்தில் வரிசையாக நிற்கச் சொன்னாய். எனக்கு மானம் போயிற்று. முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸில் ஓரத்து ஆட்கள் வெளியே நின்றார்கள். இருபத்தெட்டை மாட்டியதும், "இதுல உன் பெரியம்மா மட்டும் இல்ல, அவங்க கோபமும் சேர்ந்து விழும்லா" என்றாய்.

விழுந்தது. பெரியம்மா வந்து, அம்மாவோடு பேசாமலே ஓரத்தில் நின்றார். ஆனால் ஓரத்தில் நின்றால் அந்த லென்ஸ் ஆளை இழுத்து அகலமாக்கிவிடும் என்று நம் இருவருக்குமே தெரியாது. குச்சி போன்ற பெரியம்மா படத்தில் இரண்டு பங்காக நின்றார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பயந்துபோய் அவர் வீட்டுக்குப் போனோம்.

கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். "சிங்கப்பூர் சோறு உடம்புல ஒட்டலயான்னு ஊர்ல கேக்குறாங்க. இதுல நல்லாத்தான் இருக்கேன். ஊருக்கு அனுப்ப இதே மாதிரி அஞ்சு படம் போட்டுக் குடு தம்பி" என்றார். பிறகு, படத்தின் நடுவில் நின்ற அம்மாவை விரலால் தொட்டார். "நீ ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்ட?"

மூன்று வருடத்தில் அவர் தங்கையிடம் பேசிய முதல் பேச்சு அது. அம்மா அழுதாள். நாம் இருவரும் வெளியே ஓடிவந்து, படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதே படத்தின் மறு ஓரத்தில் அலமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருந்ததால், அதன் கண்ணாடியில் நீயும் விழுந்திருந்தாய், ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்தபடி. தொழில் தெரியாதவன் செய்த பிழை என்று அந்த ஓரத்தை வெட்டப் பார்த்தாய். எங்கள் குடும்பப் படத்தில் இனி யாரையும் வெட்டக் கூடாது என்று பிடுங்கிக்கொண்டேன். தேவாலயத்தில் உன் இறுதித் திருப்பலியில் கோட்டும் டையுமாக ஒரு படம் வைத்திருந்தார்கள். அது நீ இல்லை. என்னிடம் இருப்பதுதான் நீ.

விழா நாளைக்கு. ஹாலை நூலால் அளந்துவிட்டேன். அலமாரிக் கதவையும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன்.