கிழிந்தால் கொண்டு வாருங்கள்

அன்பானவருக்கு, ஸலாம்.

நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. இதை உடனே சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரோஹிணி டீச்சர் நம் பைக் கடைக்கு வந்தார். நோட்டுக் கட்டைத் திணித்துத் திணித்தே பையைக் கிழித்து, மூன்று முறை தைக்கக் கொண்டு வந்தாரே, அவரேதான். மூன்றாவது முறை தைத்துக் கொடுத்த அன்றைக்குத்தானே நீங்கள், "ஓசியில தைச்சுக் குடுத்துக்கினே இருந்தா எப்போ முன்னுக்கு வர்றது? வித்தோமா, போனோமான்னு இரு" என்று கத்தினீர்கள்? விற்ற பைக்கு ஆயுசுக்கும் நான்தான் பொறுப்பு என்றேன். மறுநாளே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

மறுபடியும் கிழிசல்தான் என்று ஊசியை எடுத்தேன். அவர் சிரித்தார்.

"ஊசிய வைம்மா. நான் இப்போ ஹெச்.எம். எங்க பசங்களுக்கு வருஷா வருஷம் முந்நூறு பை வேணும். கிழிஞ்சா தைச்சுத் தர்றதுக்கு உன்னை விட்டா யாரு?"

அப்போதே ஆர்டரை வாங்கிக்கொண்டேன். இன்னொரு தையல் மெஷின் வாடகைக்குச் சொல்லிவிட்டேன். அதில் உட்கார ஆள் மட்டும் சொல்லவில்லை.

நீங்கள் துணிமணியை அள்ளிப்போட்டுக் கொண்டுபோன பையும் நான் தைத்ததுதான். அவசரத்தில் இழுத்தபோது கைப்பிடி பிய்ந்ததைப் பார்த்தேன். எந்த வெள்ளிக்கிழமையும் கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
ஆயுசுக்கும் பொறுப்பானவள்