சேகர் முகம் போட்ட போஸ்டர்

12.2.93, வெள்ளி

எங்க காலேஜ் பாட்டு வீடியோவில் சேகர்தான் ஹீரோ, போஸ்டரிலும் அவன் முகம்தான். வீடியோ கறுப்பு வெள்ளை, அதனால் போஸ்டரும் அப்படியே இருக்கட்டும், சுற்றிப் பூ போடுவோம்னு சொன்னது நான்.

இன்னைக்கு மம்சாபுரத்திலிருந்து ஹாஸ்டலுக்கு அவனைப் பார்க்க வந்த அவன் அம்மா, பஸ் ஸ்டாண்டு சுவரில் அதைப் பார்த்திருக்காங்க. படிக்கத் தெரியாது. மகன் செத்துட்டான்னு நினைச்சு, மாரில் அடிச்சுக்கிட்டு அங்கேயே விழுந்துட்டாங்க.

சேதி வந்ததும் சேகரைக் கூட்டிட்டு ஓடினேன். "அத்தே, ஹீரோ கிளைமாக்ஸ்லகூட சாகலையே"ன்னேன். அவங்க சிரிக்கலை, அவன் முகத்தைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

"ஏலே, உனக்குப் பாட்டும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். வீட்டுக்கு வா."

அவனும் அவங்க பின்னாலேயே பஸ் ஏறிட்டான்.

மைதாப் பசை காய்ச்சினதும் நான்தான். எவனாலும் பிய்க்க முடியாதுன்னு பீத்தியிருந்தேன். சாயங்காலம் போஸ்டரை நகத்தால் சுரண்டினேன். பூ வந்துருச்சு, பேரு வந்துருச்சு. அவன் முகம் மட்டும் வரலை.