உன் மாமன் கட்டின வேஷமும் திட்டுக்கு வந்த பட்டாவும்

கண்டல்மேடு,
பிச்சாவரம் வழி,
ஆடி மாசம், 1963.

அன்பு மகள் அமராவதிக்கு அம்மா விருத்தாம்பாள் எழுதுறது. இங்க நான் சொகம், மாடு கன்னு சொகம், உங்கப்பாவுக்கும் உடம்புல ஒண்ணுமில்லை, மானத்துலதான் கொஞ்சம் அடிபட்டிருக்கு, அதுவும் ஆறிக்கிட்டு வருது. அங்க பிலாயில நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தில்லைக் காளிக்கு விளக்கு போட்டுட்டு வந்துதான் இதை எழுத உக்காந்தேன். உன் கடுதாசி கிடைச்சுது. சப்பாத்தி வட்டமா வரலைன்னு அழுததா எழுதியிருக்கே, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒரே வடிவந்தான், கோணல்மாணலா இருந்தாலும் மாப்பிள்ளை திங்கட்டும், அவரு மட்டும் என்ன வட்டமாவா இருக்காரு. குளிர் நாள்ல தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட நிக்காதே. அப்புறம், மாமாவை ஊரே இருளர் மாமான்னு கூப்புடுதாமே என்ன சங்கதின்னு கேட்டிருக்கே. உன் தனக்கோடி அத்தை எழுதியிருப்பா. புருஷன் மானத்தைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னா போதாதுன்னு பிலாய் வரைக்கும் தபால்ல அனுப்பியிருக்கா பாரு. அவ பாதிதான் எழுதியிருப்பா, முழுசையும் நான் எழுதுறேன், மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு.

வாய்க்கா கரையில குடிசை போட்டிருந்த எட்டு வீட்டு இருளருங்களை உனக்குத் தெரியும். அய்யனாரு அவங்களுக்குப் பெரியதனம் மாதிரி, அவன் பொண்டாட்டிதான் சின்னப்பிள்ளை. உப்பங்கழியில கழுத்துத் தண்ணியில குந்திக்கிட்டு, ஓலையில பின்னின பறிக் கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, வெறுங்கையால இறால் தடவிப் போடுவாளே அவதான். அறுப்பு முடிஞ்சா நம்ம கழனியில எலி வளை வெட்டி எலியையும் எடுத்துக்குவாங்க, எலி சேத்து வச்ச நெல்லையும் எடுத்துக்குவாங்க. நாளைக்கு என்னன்னு கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. புருஷன் சரியில்லைன்னா அந்தப் பொண்ணுங்க பறியை எடுத்துக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிடும், அவங்க பெரியவங்க கூடிப் பேசி இன்னொருத்தனுக்குக் கட்டி வச்சிடுவாங்க. நம்ம வீட்டுப் பொம்பளைங்க அதைச் சீச்சீன்னு பேசுவோம், பேசி முடிச்சதும் ஆளுக்கு ஒரு பெருமூச்சு விடுவோம்.

போன கார்த்திகை வெள்ளத்துல வாய்க்கா கரை உடைஞ்சு எட்டுக் குடிசையும் போயிடுச்சு. நீ கிளம்பிப் போன அடுத்த வாரம். சின்னப்பிள்ளையோட கைப்புள்ளை, பொம்பளைப் புள்ளை, விடிய விடிய தண்ணியில அவ தோள்மேலேயே கிடந்து ஜன்னி கண்டு செத்துப்போச்சு. புதைக்கறதுக்கு நனையாத மண்ணு சுத்து வட்டாரத்துல எங்கயும் இல்லை. வடக்கால மேடா இருக்கே புறம்போக்குத் திட்டு, அங்கதான் கொண்டுபோய் வச்சாங்க. அன்னிக்கு நான் உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன், நீங்க பஞ்சாயத்து பிரசிடெண்டாகி இதுவரைக்கும் கிழிச்சது ஒரு தெருவிளக்கு, அதுவும் நம்ம வாசல்ல, அந்தத் திட்டை இவங்களுக்கு மனையா வாங்கிக் கொடுக்காட்டி இனிமே உங்களுக்குச் சோத்துல உப்பு கிடையாதுன்னு. மூணு வேளை உப்பில்லாம தின்னுட்டு நாலாம் வேளை சட்டையை மாட்டிக்கிட்டு சிதம்பரத்துக்குக் கிளம்பிட்டாரு.

அங்க அவருக்கு ஒரு சேதி கிடைச்சுது. பழங்குடிக்காரங்களுக்கு சர்க்கார் மனை கொடுக்குதாம், ஆனா நெசமாவே பழங்குடிதானான்னு பார்க்க மெட்ராசுலேருந்து ஒரு ஆபீசர் வந்திருக்காராம். தடிக் கண்ணாடி போட்ட மனுஷன், நிறைய புஸ்தகம் படிச்சவரு. சேத்தியாத்தோப்பு பக்கத்துல ஒரு ஊருக்குப் போயி, அங்க ஆம்பளைங்க சட்டை போட்டு கிராப்பு சீவியிருக்கறதைப் பார்த்துட்டு, இவங்க பழங்குடி இல்லைன்னு ஜீப்பைத் திருப்பிக்கிட்டாராம். உங்கப்பா அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ஊருக்கு ஓடியாந்தாரு. ஏன்னா நம்ம அய்யனாரு சட்டை மட்டுமில்லை, சிதம்பரத்துல சினிமா பார்த்துட்டு வந்து மீசையையும் மாத்திக்கிற ஆளு. அவனைக் கூப்புட்டு, ஒரு நாளைக்கு மட்டும் இடுப்புல தழையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமான்னு கேட்டிருக்காரு. அய்யனாரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னானாம். சின்னப்பிள்ளைதான், எங்க பாட்டன் காலத்துலகூட யாரும் தழை கட்டலைங்க பிரசண்டு அய்யா, சுரபுன்னைத் தழையைக் கட்டினா அரிப்பு எடுக்கும், வேணும்னா நீங்க கட்டிப் பாருங்கன்னு சொல்லிட்டாளாம்.

அதோட விட்டிருந்தா சரி. மாசி மகத்துக்கு இருளருங்க எல்லாரும் கன்னியம்மாவைக் கும்புடக் கடற்கரைக்குப் போயிடுவாங்க, மணல்ல புடவையால தடுப்புக் கட்டித் தங்கி, சாமி ஆடி, கல்யாணங்காட்சியெல்லாம் அங்கயே முடிச்சுக்கிட்டு வருவாங்க. சரியா அவங்க போன மறுநாள் ஆள் வந்து, ஆபீசர் நாளைக்கு வர்றாருங்கறான். குடிசையில ஒரு கோழிகூட இல்லை. இந்தத் தடவை விட்டா அந்த மனுஷன் திரும்ப வரமாட்டாருன்னு உங்கப்பா வாசலுக்கும் கொல்லைக்குமா நடக்கறாரு. அப்பத்தான் என் உடன்பிறப்பு, உன் மாமா சக்கரபாணி, ஏன் மாமா கவலைப்படுறீங்க, நாங்க இருக்கமேன்னான். அவனுக்கு நாடகக் கிறுக்குன்னு உனக்குத் தெரியாதா, வேடன் வேஷம் கட்டினா மூணு நாளைக்கு அழிக்க மாட்டான். அவனும் அவன் நாடகக் கூட்டாளிங்களும் நம்ம ஏரோட்டுற பழனிவேலுவும் ஆளுக்கு ஒரு கோவணம், உடம்பெல்லாம் அடுப்புக்கரி, தலையில கோழி றெக்கை. உங்க அத்தையையும் வரச்சொன்னான், அவ விளக்குமாத்தைத் தேடினதும் விட்டுட்டான்.

ஆபீசர் வந்தாரு. நான் புளியமரத்துக்குப் பின்னால முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நின்னேன். என் தம்பியைப் பார்த்ததும் அந்த மனுஷன் மூஞ்சி பூத்த பூ இருக்கே, பொண்ணு பார்க்க வந்தப்ப உங்கப்பா மூஞ்சிகூட அப்படிப் பூக்கலை. உன் பேர் என்னன்னாரு, இவன் அய்யனாருன்னான். உங்க பாஷையில ஏதாச்சும் பேசுன்னாரு, இவன் நாடகப் பாட்டையே பின்னாலேருந்து முன்னால பாடினான், அதை அவரு ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டாரு. எந்தச் சாமியைக் கும்புடுவீங்கன்னதுக்கு இவன் பழக்கதோஷத்துல கோவிந்தான்னு ஆரம்பிச்சுட்டான், உங்கப்பா குறுக்கே பாய்ஞ்சு, கோவிந்தம்மரம்னு ஒரு மரம் சார், அதைத்தான் கும்புடுவாங்கன்னு சமாளிச்சாரு. எலி திம்பீங்களான்னு அடுத்த கேள்வி. சனிக்கிழமையில முட்டைகூடத் தொடாத ஆளு இவன், அன்னிக்குச் சனிக்கிழமை வேற. கருகச் சுட்ட பனங்கிழங்கை எலி வாலாட்டம் நார் தொங்கத் தொங்கக் கொண்டாந்து பழனிவேலு நீட்டினான். இவன் அதைக் கறுக்குன்னு கடிச்சு வாயைத் துடைச்சுக்கிட்டான். ஆபீசர் ரெண்டடி பின்னால போயி போட்டோ புடிச்சுக்கிட்டாரு. போறப்ப உங்கப்பா கையைக் குலுக்கி, அசல் பழங்குடி சார், இவங்களுக்குக் கட்டாயம் மனை உண்டுன்னுட்டுப் போனாரு. அன்னிக்கு ராத்திரி உங்கப்பா ரெண்டு தடவை உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாரு.

கடற்கரையிலேருந்து வந்ததும் சின்னப்பிள்ளைக்குச் சங்கதி தெரிஞ்சுது. நேரா நம்ம கொல்லைக்கு வந்தா. முதல்ல சிரிச்சா, உக்காந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருந்தவ பொசுக்குன்னு நிறுத்திட்டு, ஏம்மா, எங்களைப் பார்க்க வந்தவருக்கு உங்க தம்பியைப் பார்த்ததும்தான் எங்க மேல நம்பிக்கை வந்துச்சா, அப்ப நாங்க யாருன்னு கேட்டா. மோர் குடிக்கிறியாடின்னு கேட்டேன், வேற என்ன கேக்கறது.

ஆனி மாசம் பட்டா கொடுக்கற விழான்னு சேதி வந்துச்சு. கண்ணாடி ஆபீசரோட அவருக்கும் மேல ஒரு பெரிய ஆபீசரும் வர்றாராம், வடநாட்டுக்காரரு, தமிழ்ல வணக்கம் மட்டுந்தான் தெரியுமாம். சேதி கேட்டதும் உன் மாமா கம்மாபுரத்துல பங்காளி வீட்டுக் கருமாதின்னு கிளம்பிட்டான், அங்க செத்தது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. உங்கப்பா இருளருங்ககிட்ட கெஞ்சாத குறை. தழை வேண்டாம், கொஞ்சம் கிழிசலா, கொஞ்சம் அழுக்கா வந்தா போதும்னாரு. அய்யனாரு வேணா கரி பூசிக்கிட்டிருப்பான், அவன் சமாதானப் பேர்வழி. சின்னப்பிள்ளை விடலை. எம் புள்ளையை வச்ச எடத்துக்குப் பட்டா வாங்கப் போறோம், கிழிசலோட போக மாட்டோம்னுட்டா. உங்கப்பா அதோட எழுந்து வந்துட்டாரு, அந்த மட்டுக்கும் புத்தி இருந்துச்சு.

விழா அன்னிக்கு எட்டு வீட்டு ஜனமும் குளிச்சுத் தலை சீவி, ஆம்பளைங்க வெள்ளைச் சட்டை, பொம்பளைங்க தலையில கனகாம்பரம், வரிசையா வந்து நின்னாங்க. அய்யனாரு பேரைக் கூப்புட்டதும் அய்யனாரு நடந்து போனான். கண்ணாடி ஆபீசர் அவனை மேலேருந்து கீழே பார்த்தாரு, கையில இருந்த போட்டோவைப் பார்த்தாரு, வேர்த்துப்போச்சு மனுஷனுக்கு. இது அந்த ஆளு இல்லையேன்னு மெதுவா உங்கப்பாகிட்ட சொன்னாரு. உங்கப்பா ஆகாசத்துல ஏதோ கொக்கு போகுதான்னு பார்க்கறாரு. அப்ப சின்னப்பிள்ளை முன்னால வந்தா. ஊரே கேக்கற மாதிரி, நாங்கதாங்க இருளரு, அன்னிக்கு நாங்க சாமி கும்புடப் போயிருந்தோம், நீங்க பார்த்தது பிரசண்டு அய்யாவோட மச்சான், நாங்க எப்பவும் இப்படித்தான் இருப்போம், இதுக்கு மனை கொடுக்கறதுன்னா கொடுங்க, இல்லைன்னா அவருக்கே கொடுத்துடுங்கன்னா. போச்சு, திட்டு போச்சு, உங்கப்பா பதவியும் போச்சுன்னு நினைச்சேன்.

பெரிய ஆபீசர், இந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கண்ணாடிக்காரரை இங்கிலீஷ்ல கேட்டாரு. அவரு என்ன பதில் சொன்னாருன்னு பக்கத்துல நின்ன நடனசபாபதி வாத்தியார் அப்பவே என் காதுல சொன்னாரு. நாலு மாசத்துக்கு முன்னால இவங்க கோவணத்தோட எலியைத் தின்னுக்கிட்டு இருந்தாங்க, நம்ம சர்க்கார் கண் பட்டதும் எப்படி முன்னேறிட்டாங்க பாருங்க, சட்டை போட்டிருக்காங்க, சபையில பேசறாங்கன்னு சொல்லி உன் மாமன் போட்டோவை எடுத்து நீட்டினாராம். பெரியவரு போட்டோவைப் பார்க்கறாரு, அய்யனாரைப் பார்க்கறாரு, கண்ணே கலங்கிப்போச்சு அவருக்கு, கையைத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு. அவரு தட்டினதைப் பார்த்து எல்லாரும் தட்டினாங்க. சின்னப்பிள்ளை விடாம, பிரசண்டு மச்சான் பிரசண்டு மச்சான்னு கையை நீட்டி நீட்டிச் சொல்றா, உங்களை வாழ்த்தறாங்க சார்னு கண்ணாடிக்காரரு மொழிபெயர்க்கறாரு. எட்டு வீட்டுக்கும் பட்டா கொடுத்துட்டு, மாலையை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

சின்னப்பிள்ளைக்கு வாத்தியார் அர்த்தம் சொன்னாரு. அவளுக்குக் கோவம் வந்துச்சு பாரு, பட்டாவைச் சுருட்டிக்கிட்டு ஜீப்பு போன திசையில ரொம்ப தூரம் நடந்தா. அப்புறம் தானே திரும்பி வந்து திட்டுக்குப் போயி அளந்து குச்சி நட்டா. ஆடியில யாராச்சும் குடி போவாங்களான்னு உங்கப்பா கேட்டதுக்கு, ஐப்பசி மழை ஆடின்னு பார்த்துக்கிட்டு நிக்குமான்னுட்டா. நம்ம தோப்புலேருந்து மூங்கிலும் ஓலையும் வெட்டிக்கச் சொல்லிட்டேன். உன் மாமா கருமாதி முடிஞ்சு திரும்பி வந்துட்டான். இப்ப டீக்கடையில எல்லாரும் இருளர் மாமான்னா குதிக்கறான். இருளருன்னா அது ஒண்ணும் வசவு இல்லைடா, உனக்குத்தான் அந்தப் பேருக்கு யோக்கியதை இல்லைன்னு நான் சொல்லிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை குடி புகுந்தாங்க. என்னைக் கூப்புட்டிருந்தாங்க, நான் மட்டும் போனேன். கன்னியம்மாவுக்கு ஏழு கல்லு நட்டு மஞ்சள் பூசியிருந்தாங்க. சின்னப்பிள்ளை வீட்டு வாசலுக்கு நேரா ஒரு சின்ன மண்மேடு, அதைச் சுத்தி கிளிஞ்சல் பதிச்சிருக்கா. புள்ளைக்குப் பேரு வச்சிருந்தியாடின்னு கேட்டேன். இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கலைம்மான்னா. முத்தழகுன்னு பேராம். அப்புறம் அவ தட்டுல சோறு போட்டு நண்டுக் குழம்பு ஊத்தினா. முப்பது வருஷமா பக்கத்துல இருந்தும் அவங்க வீட்டுல நான் கை நனைச்சதில்லை, உனக்கே தெரியும். சுத்தியும் பார்த்தேன், நம்மாளுங்க யாருமில்லை. உக்காந்து மூணு தடவை போட்டுக்கிட்டேன். அந்தக் குழம்பு மாதிரி நான் ஒரு நாளும் வச்சதில்லைடி, உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமா எதைத் தின்னேன்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

மாப்பிள்ளையோட சண்டை போட்டா சாப்பிட்டுட்டுப் போடு. தலைப்புள்ளை வயித்துல தங்கினதும் எனக்குத் தனியா எழுது. நூறாயிசு இருந்து பத்துப் புள்ளை பெறாம, பெத்த ரெண்டை நல்லா வளர்த்து, நனையாத வீட்டுல நல்லா இருக்கணும்னு ஆசீர்வாதம் பண்றேன், மாப்பிள்ளைக்கும் சொல்லு. முக்கியமா ஒண்ணு, பதில் எழுதறப்ப நண்டைப் பத்தி ஒரு வார்த்தை எழுதிடாதே, உன் கடுதாசியைத் தபால்காரர்கிட்ட வாங்கி வாசல்ல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி படிக்கறது உங்கப்பா. குழம்பு ருசியா இருந்துச்சான்னு கேக்கணும்னா சப்பாத்தி வட்டமா வந்துச்சுன்னு எழுது, எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் மேல உசிரா இருக்கற அம்மா,
தி. விருத்தாம்பாள்