சிரிக்கிற முகத்தில் மாட்டிய கிளிப்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாராவாரம் போனில் பேசிக்கொண்டு இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என் வாய் தானாக ஓடிவிடுகிறது, சாப்டியா, தூங்கினியா, குளிரா இருக்கா, சரி வச்சிடறேன், அவ்வளவுதான். கடிதத்தில் அப்படி வைத்துவிட்டு ஓட முடியாது. வீட்டில் எல்லாம் வழக்கம் போலத்தான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றிவிட்டேன். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், அவர்கள் நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கு எத்தனை நாள் திட்டியிருப்பேன், இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது. அம்மாவின் கண்ணாடிக் கூடு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, தூசி தட்டி மறுபடியும் அங்கேயே வைத்துவிடுகிறேன்.

இப்போது சொல்லப்போவதற்குக் கோபப்படாதே. நான் வேலைக்குப் போகிறேன். பயப்படாதே, மூட்டை தூக்குகிற வேலை இல்லை. நம் தெருமுனையில் பச்சை கேட் போட்ட மழலையர் பள்ளி இருக்கிறதே, அங்கே காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை வாசல் வேலை. கேட்டைத் திறப்பது, பைகளை ஆணியில் மாட்டுவது, ஷூ லேஸ் கட்டிவிடுவது. அறுபத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்பாய். தேவைதான் கண்ணு. உன் அம்மா போய் இந்த மூன்று வருஷத்தில், சில நாள் சாயங்காலம் யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நான் வாயையே திறந்திருக்க மாட்டேன். ஒரு நாள் பால் தீர்ந்துபோச்சு என்று கடைக்காரர் சொன்னதற்குச் சரி என்றேன், அதுதான் அன்றைய முதல் பேச்சு, தொண்டை கரகரவென்றது. மறுநாளே பள்ளியில் போய்க் கேட்டுவிட்டேன்.

டீச்சர் உன்னைவிட நாலைந்து வயது சின்னவள். தினமும் காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து ஒரு சின்ன மணியை ஒரே ஒரு தட்டு தட்டுவாள். சத்தம் முழுசாக அடங்குகிற வரை கண்ணை மூடிக் கேட்க வேண்டும், அடங்கியதும் கையைத் தூக்க வேண்டும். இதெல்லாம் ஒரு படிப்பா என்று முதல் வாரம் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்புறம் எல்லாரையும் மல்லாக்கப் படுக்க வைத்து ஆளுக்கொரு துணி வாத்தை வயிற்றின் மேல் வைப்பாள், மூச்சை இழுத்தால் வாத்து ஏறும், விட்டால் இறங்கும், வாத்து தூங்குது, குலுக்காதீங்க என்பாள். வாத்து விநியோகம் என் பொறுப்பு. கோபம் வந்து கத்துகிற பிள்ளையைக்கூட அதட்ட மாட்டாள், கோபம் உடம்புல எங்க இருக்குன்னு காட்டு என்பாள், ஒருத்தி வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து நானும் ஒரு டம்ளரை ஸ்பூனால் தட்டிக் கண்ணை மூடிக் கேட்டேன், அடங்கியதும் கையைத் தூக்கினேன், பார்க்க யார் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான். நாள் முழுக்க டிவியை ஏன் போட்டே வைக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வகுப்பு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் நாலு முகம் வரைந்திருக்கும், சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம், பயந்த முகம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய துணி கிளிப் ஒன்று, உள்ளே வரும்போது அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்துக்குக் கீழே மாட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கும் தாத்தா என்று எழுதி ஒன்று கொடுத்தாள், நான் யோசிக்காமல் தினமும் சிரிக்கிற முகத்தில் மாட்டிவிடுவேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாட்டில் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பெல்ட் முன்னால் உட்கார்ந்து கீறல் விழுந்த பாட்டிலைப் பொறுக்கி எடுத்தவன் நான், கழுகு என்று பட்டப்பெயர் வாங்கியவன், உனக்குத் தெரியாததா. அழுகிற முகத்தில் மூன்று நாலு கிளிப் தொங்கினால் என் கை சும்மா இருக்குமா. பிள்ளைகள் உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சிரிக்கிற முகத்துக்கு மாற்றிவிடுவேன். பார்க்கிற பெற்றோருக்கும் நன்றாக இருக்கும், டீச்சருக்கும் நல்ல பேர், காலையில் அழுகிற பிள்ளை பத்து நிமிஷத்தில் மறந்துவிடும் என்று என் நினைப்பு. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் டீச்சர் அழுகிற முகத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது, அந்த நேரம் நான் கேட்டைப் பூட்டப் போயிருப்பேன். இரண்டு வாரம் இப்படிச் செய்திருக்கிறேன்.

முட்டைக்கண்ணி என்று நான் கூப்பிடுகிற ஒருத்தி, ஐந்து வயது. அவள் அம்மா வேலை விஷயமாக வேறு ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது, சித்திதான் கொண்டுவந்து விடுகிறாள். இந்தப் பிள்ளை தினமும் அழுகிற முகத்தில் மாட்டுவாள், நானும் தினமும் மாற்றினேன். போன வியாழக்கிழமை அவள் கிளிப்பை மாட்டவே இல்லை, சாக்ஸுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள். டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்து ஏன் என்று கேட்டதற்கு, நான் எங்க மாட்டினாலும் அது சிரிக்கிற மூஞ்சிக்கே போயிடுது, அதுக்கு நான் அழுதா பிடிக்கல என்றாள். அடக் கடவுளே, கையில் இருந்த பையை ஆணியில் மாட்டக்கூடத் தோன்றாமல் நின்றேன். நான்தான் மாற்றினேன் என்று டீச்சரிடம் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எங்கிட்ட சொல்லி என்ன தாத்தா, அவகிட்ட சொல்லுங்க என்றாள். முட்டி வலிக்க வலிக்க அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து, தப்பு பண்ணிட்டேன், உன்னைக் கேக்காம மாத்திட்டேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அழற மூஞ்சி கெட்டதா தாத்தா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்ப நீங்க ஏன் ஒரு நாள்கூட அதுல மாட்டல என்றாள்.

வீட்டுக்கு வந்து டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் ஞாபகம்தான். அம்மா போனதும் நீ வந்து இறங்கி, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாய். நான் உன் தோளைப் பிடித்து, அழாதே, வந்தவங்க பாக்கறாங்க, தைரியமா இரு என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டாய். ஒன்பது நாள் இருந்தாய், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாய், என் பொண்ணு எவ்வளவு தைரியசாலி பாருங்கள் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். அதுவும் நான் மாற்றிய கிளிப்தான் கண்ணு. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் கண் இரண்டும் வீங்கியிருந்தது, சளி என்றாய். மாப்பிள்ளை எங்கே என்றதற்கு வெளியே போயிருக்கார் என்று வேறு பக்கம் பார்த்தாய். பேரன் சத்தமே இல்லாமல் உன் மடியில் கிடந்தான். கீறலைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனுக்கு அது சளி இல்லை என்று தெரியாதா. தெரிந்தும், வெந்நீர் குடி, சந்தோஷமா இரு என்று சொல்லிவிட்டு நாலு நிமிஷத்தில் வைத்துவிட்டேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ, சொன்னால் இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வேன் என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை காலை என் கிளிப்பை அழுகிற முகத்தில் மாட்டினேன். டீச்சர் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று என்னையும் கூப்பிட்டுக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, என்னாச்சு தாத்தா என்று கேட்டாள். வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல, பொண்ணு தூரத்துல இருக்கா, அவளுக்கு என்னமோ கஷ்டம், நான் கேக்கல என்றேன். முட்டைக்கண்ணி, எங்க அம்மாவும் தூரத்துலதான் என்று சொல்லி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான், யாரும் எதையும் சரி செய்யவில்லை. எழுந்தபோது நாற்காலியும் என்னோடு சேர்ந்து எழுந்து வந்தது, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மத்தியானம் பூட்டைத் திறந்தபோது வீடு அப்படியேதான் இருந்தது.

பேரன் அழுதால் உடனே பொம்மையைக் காட்டி வாயை அடைக்காதே. பக்கத்தில் உட்கார், எங்கே வலிக்கிறது என்று கேள். உன்னிடம் நான் செய்யாததைத்தான் சொல்கிறேன். இத்துடன் ஒரு கிளிப் வைத்திருக்கிறேன், உன் பெயரை நானே எழுதினேன், எழுத்து கோணலாக இருக்கும். இந்தத் தாளின் பின்பக்கம் நாலு முகமும் வரைந்திருக்கிறேன், கோப முகம் என்னைப் போலவே வந்துவிட்டது. இது உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் நீ எதில் மாட்டினாயோ அப்படியே காட்டு. நான் மாற்ற மாட்டேன், போனையும் வைக்க மாட்டேன். என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம், ஆனால் நீ சொல்லி முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், இந்த ஆசீர்வாதம் மட்டும் தூரம் பார்க்காமல் வந்து சேரும். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. கடைசியாக ஒன்று. எழுதி முடித்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், எடுத்த எடுப்பிலேயே இங்கே நான் நலம் என்று எழுதியிருக்கிறேன். கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடித்தால் இன்னும் பயந்துபோவாய் என்று விட்டுவிட்டேன். நீ அந்த வரியை நம்பாதே. பதில் எழுதும்போது நீயும் அதை எழுதாதே.

உன்
அப்பா